ஃப்ளேக், பாஸெஞ்சர் இரண்டும் ஒன்றா?

பனிமழை:
லீட்ஸில் எம்.எஸ்சி. படிக்கிறேன். ஐந்து பேர் சேர்ந்து செய்யும் ப்ராஜெக்ட். அதில் ஒருவர் ஒவ்வொரு மீட்டிங்குக்கும் "கண்டிப்பா வரேன்" என்று வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் போடுவார், பாதி நாள் வர மாட்டார். போன வியாழக்கிழமை லைப்ரரியில் நாங்கள் நாலு பேரும் அவருடைய டேட்டாவுக்காக ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம், போனை எடுக்கவே இல்லை. அமெரிக்கத் தோழி அவரை 'ஃப்ளேக்' என்றாள், இங்கிலாந்துக்காரர் 'பாஸெஞ்சர்' என்றார். இரண்டும் ஒன்றா? சக மாணவர்களை மதிப்பிடும் ஃபார்மில் எழுதலாமா? வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

திண்ணை வாத்தியார்:
ஒன்றில்லை. வருவதாகச் சொல்லிவிட்டுக் கடைசி நேரத்தில் கழன்றுகொள்பவர் ஃப்ளேக். அமெரிக்கர்கள் 'ஹி ஃப்ளேக்டு ஆன் அஸ்' என்றும் சொல்வார்கள், நாம் டிமிக்கி கொடுத்துவிட்டான் என்கிறோமே, ஏறக்குறைய அதுதான். பாஸெஞ்சர் வந்து உட்கார்ந்திருப்பார், மற்றவர்கள் துடுப்புப் போடுவார்கள், அவர் சும்மா கூடவே வருவார். பிரிட்டனில் கால்பந்துப் பேச்சில் அடிக்கடி காதில் விழும். 'வீக் லிங்க்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். உண்மையிலேயே முயன்று முடியாமல் போனவரையும் அந்தச் சொல் குத்தும், அது நியாயமே இல்லை.

தென்றல்:
மெல்பர்னில் ஓ.பி. அடிப்பவரை ப்ளட்ஜர் என்பார்கள். அடுத்தவர் உழைப்பில் சாப்பிடுகிறவன் என்கிற வசவு அது, பழகாத இடத்தில் வாயில் எடுக்க வேண்டாம். அப்புறம் லூஸ் கேனன். வேலைக்கு ஒழுங்காக வராத ஒருவரை ஆபீஸில் நான் அப்படிச் சொல்லிவிட, மேனேஜர் பதறிப்போய் "யாரிடம் என்ன பேசினார்?" என்று கேட்டார். பழைய போர்க்கப்பல்களில் பீரங்கியைக் கயிற்றால் கட்டி வைத்திருப்பார்கள். கட்டு அவிழ்ந்தால், கப்பல் ஆட ஆட அது உருண்டு சொந்த ஆட்களையே நசுக்கும். எந்த நேரத்தில் என்ன செய்வாரோ என்று பயப்பட வைக்கிறவருக்குத்தான் அந்தப் பெயர், வராதவருக்கு இல்லை. அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன்.

காவிரிக்கரை:
தங்கச்சி, ஃபார்மில் இதில் எதையுமே எழுதாதீர்கள். எத்தனை மீட்டிங், எத்தனைக்கு வரவில்லை, எந்த வேலை எந்தத் தேதியில் வந்தது, அதை மட்டும் எழுதுங்கள். அதற்கு முன்னால் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஸ்டூடண்ட் விசாவில் வாரம் 20 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம் இல்லையா, நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டுத் தூங்கிப்போகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பனிமழை:
வாட்ஸ்அப்பில் பின்னால் போய் எண்ணினேன். ஏழு மீட்டிங்கில் நாலுக்கு வரவில்லை. வந்த மூன்றிலும் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார், அப்படியென்றால் பாஸெஞ்சர் என்றது தப்பு. சரி, இன்று சாயங்காலம் லேப் முடிந்ததும் நேரிலேயே கேட்டுவிடுகிறேன்.