காரிமங்கலம் பெரிய குடும்பம்

அம்மா: செந்தில் 18ஆம் தேதி உகாண்டா கிளம்புகிறான். 16 ஞாயிறு மதியம் வீட்டில் கெடா வெட்டுகிறோம். எல்லோரும் வந்துவிடுங்கள்.

சின்ன அத்தை: பிரியாணியா, குழம்பா?

ராஜா: போர்வெல் ரிக் வண்டியோடயே போறானா?

செந்தில்: வண்டி கப்பலில் போயாச்சு அண்ணா. நான் மெக்கானிக். 6 மாசம்.

ஹெல்த் மாமா: மலேரியா மாத்திரை வாங்கியாச்சா மாப்பிள்ளை?

செந்தில்: கிண்டியில் ஊசி போட்டாச்சு மாமா. மஞ்சள் கார்டும் இருக்கு.

ஹெல்த் மாமா: அது மஞ்சள் காய்ச்சலுக்கு. மலேரியாவுக்கு அந்த ஊசி ஒன்றும் செய்யாது. அங்கே பெரும்பாலும் ஃபால்சிபாரம் என்கிற ஆபத்தான மலேரியா, கவனிக்காமல் விட்டால் மூளைக்கே ஏறிவிடும். மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் கொசு சாயங்காலத்திலிருந்து விடியும்வரை கடிக்கும், அதனால் ராத்திரி ரிக் வேலை என்றால் முழுக்கைச் சட்டை, தூங்கும்போது மருந்து ஏற்றிய வலை, அதையும் மெத்தைக்கு அடியில் சொருகணும், இவ்வளவு செய்தாலும் மாத்திரையை விடக்கூடாது.

ராஜா: இவன் நம்ம ஊர் கொசுவிடம் கடிபட்டே வளர்ந்தவன் மாமா.

ஹெல்த் மாமா: அதெல்லாம் காப்பு இல்லை.

சின்ன அத்தை: அண்ணன் காய்ச்சலே இல்லாத என் விரலைக் குத்தி ரத்தம் எடுத்தவர்தானே. இன்னும் வலிக்குது.

ஹெல்த் மாமா: மலேரியா சோதனைக்கு இத்தனை ரத்த ஸ்லைடு என்று கணக்குக் காட்டணும், என்ன செய்ய.

செந்தில்: கூட வர்ற பசங்க வாரம் ஒண்ணு போடுறாங்களாம். மெஃப்ளோகுயின். அதையே வாங்கிக்கிறேன்.

அம்மா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ராஜா: சித்தி, படிச்சுட்டேன்.

அம்மா: 7 வயதில் ஒரே ஒரு தடவை வந்தது. பெண் வீட்டுக்காரங்க யாரும் இந்தக் குழுவில் இல்லையே?

சின்ன அத்தை: மாலதி வீட்டுக்காரர் இருக்கார்.

அம்மா: ஐயோ.

ஹெல்த் மாமா: வலிப்பு வந்தவனுக்கு மெஃப்ளோகுயின் ஆகாது. அதோடு அதைக் கிளம்ப 2 வாரத்துக்கு முன்னாலேயே ஆரம்பிக்கணும், உனக்கு 9 நாள்தான் இருக்கு. டாக்ஸிசைக்ளின் என்றால் 2 நாள் முன்னால் ஆரம்பித்தால் போதும், தினம் 100 மில்லிகிராம், வந்த பிறகும் 4 வாரம். சாப்பிட்டு, நிறையத் தண்ணீரோடு போடணும், போட்ட உடனே படுக்கக் கூடாது. வெயிலில் தோல் சிவக்கும், தொப்பி வேணும். ஆனால் 6 மாசம் என்பதால் எதைப் போடுவது என்று டாக்டர் சொல்லட்டும், வலிப்பை அவரிடம் மறைக்காதீங்க. திரும்பி வந்து மாசக்கணக்கு கழிச்சுக் காய்ச்சல் வந்தாலும் உகாண்டா போய் வந்தேன் என்பதுதான் முதல் வார்த்தை.

சின்ன அத்தை: அண்ணா, மூச்சு விடுங்க. குடல் குழம்பு யார் வைக்கிறது?

செந்தில்: திங்கள் தருமபுரி மெடிக்கல் காலேஜ் போகலாமா மாமா? வண்டி ராஜா அண்ணனிடம் இருக்கு.

ராஜா: திங்கள் மண்டி. செவ்வாய் பார்க்கலாம்.

அம்மா: குடல் நான் கழுவ மாட்டேன். போன தடவையும் நான்தான்.

மாலதி வீட்டுக்காரர்: 👍

அம்மா: அண்ணா, போனை எடுங்க.