மீட்புப் பயிற்சியில் ‘பாதிக்கப்பட்டவராக’ யார் நிற்பது?

2018 ஜூலை 12 அன்று கோவை அருகே ஒரு கல்லூரியில் நடந்த பேரிடர் மீட்புப் பயிற்சியில், கீழே விரித்துப் பிடித்திருந்த வலையில் குதிக்கத் தயங்கிய 19 வயது மாணவியைப் பயிற்சியாளர் இரண்டாம் மாடியிலிருந்து தள்ளிவிட, முதல் மாடியின் சன்ஷேடில் தலை மோதி அவர் உயிரிழந்தார். அந்தப் பயிற்சிக்கும் தங்களுக்கும் தொடர்பில்லை என்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அறிவித்தது. அதன்பின் பயிற்சியாளரின் தகுதியைப் பற்றியே எல்லோரும் பேசினார்கள். சான்றிதழ் அவசியம்தான். ஆனால், நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராக நான் முதலில் கேட்பது, அந்த இடத்தில் உயிருள்ள ஓர் ஆள் நிற்க வேண்டிய தேவை என்ன என்பதைத்தான்.

பின்னொரு முறை எங்கள் கல்லூரிக்கு வந்த பயிற்சியாளர், ஒரு மாணவரைக் கயிற்றில் கட்டி மொட்டை மாடியிலிருந்து இறக்கிக் காட்டப் போவதாகச் சொன்னார். முதலில் ஒரு மணல் மூட்டையை இறக்குமாறு கேட்டுக்கொண்டேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. பாதி தூரம் இறங்குவதற்குள் மூட்டை ஆடிச் சுவரில் மோதியது. கைப்பிடிச் சுவரின் விளிம்பில் உரசிய இடத்தில் கயிறு பிசிர் விட்டிருந்தது. அது அறுந்தால் தாங்குவதற்கு இரண்டாவது கயிறும் இல்லை. இடர் மதிப்பீடு என்று அவர் கொடுத்திருந்த தாளில் முதலுதவிப் பெட்டியும் ஆம்புலன்ஸ் எண்ணும் மட்டுமே இருந்தன, அதாவது விழுந்த பிறகு தேவைப்படுபவை. அன்று மாணவர் எவரும் இறக்கப்படவில்லை.

2001-இல் நியூயார்க் மாநிலத்தின் லேர்ட்ஸ்வில்லில் நடந்ததும் இவ்வகையே. தீயில் சிக்கியவராக நடிக்க மாடியில் நிறுத்தப்பட்ட 19 வயதுத் தன்னார்வத் தீயணைப்பு வீரர், கீழ்த்தளத்து சோபாவில் பற்றிய தீ மளமளவெனப் பரவியதால் இறந்தார். பயிற்சியை நடத்திய அதிகாரியைக் குற்றவாளி என நீதிமன்றம் தீர்மானித்தது. அமெரிக்கத் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் (என்.எஃப்.பி.ஏ.) தீப் பயிற்சிக்கு வகுத்த 1403 தர விதிகள், கட்டடத்துக்குள் ஆட்கள் பாதிக்கப்பட்டவராக நடிப்பதையே தடை செய்கின்றன.

மாணவரின் தயக்கத்தை நம் ஊரில் கோழைத்தனம் என்று கேலி செய்கிறார்கள். விளிம்பில் நிற்பவர்தான் சன்ஷேடை நேரில் பார்க்கிறார். அவர் ‘வேண்டாம்’ என்றால் பயிற்சி அங்கேயே நிற்க வேண்டும்.

*

மேலே எழுதியவர் கேட்பதோடு நீர் மீட்பையும் சேர்த்துக்கொள்ளலாம். அங்கே எல்லா இடத்திலும் பொம்மையை வைத்துப் பயிற்சி நடத்த முடியாது. பதறிப்போய் மீட்பவரின் கழுத்தைக் கட்டிக்கொள்ளும் ஆளைக் கையாளப் பழக, எதிரே ஓர் ஆள் வேண்டும். சிக்கல் என்னவென்றால், மூழ்குவதாக நடிப்பவர் கத்திக் கையசைக்கிறார். உண்மையில் மூழ்குபவர் பெரும்பாலும் சத்தமே போடுவதில்லை. எங்கள் ஏரிப் பயிற்சியில் நடித்துக்கொண்டிருந்த இளைஞர் திடீரென அமைதியானபோது, கரையில் இருந்தவர்கள் நடிப்பு முடிந்துவிட்டது என்றே எண்ணினார்கள். படகில் அவரை மட்டுமே கவனிக்க நியமிக்கப்பட்டிருந்த அண்ணன் ஒருவர்தான் உடனே கையை நீட்டித் தூக்கினார். காலில் தசைப்பிடிப்பு. அப்போதிருந்து நடிப்பவர் எப்போதும் மிதவை அங்கி அணிகிறார். ‘காப்பாற்றுங்கள்’ என்பது நடிப்புக்கு, ‘நிறுத்து’ என்பது உண்மைக்கு என்று இறங்கும் முன்பே எல்லோரையும் சொல்ல வைக்கிறோம். பேச முடியாமல் போனால் ஒற்றைக் கையைத் தலைக்கு மேல் உயர்த்த வேண்டும் என்பதையும் கரையிலேயே பழக்கிவிடுகிறோம்.