கிரேக்கத் தொன்மத்தின் ‘சைரன்’: கடற்கன்னி வேண்டாம், ‘பாடணங்கு’ எனலாமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கிரேக்கத் தொன்மத்தில் பாட்டால் கடலோடிகளைத் தம் தீவுக்கு இழுத்து அழிக்கும் சைரன்களுக்குத் தமிழில் என்ன பெயர் இடுவது என்ற கேள்விக்கு இதுவரை நான்கு விடைகள் வந்துள்ளன: கடற்கன்னி, மோகினி, கின்னரி, ஒலிபெயர்ப்பாகவே சைரன். நான்கையும் பழைய நூல்கள் சொல்வதோடு வைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு காலத்துத் தோற்றத்தைப் பற்றிக்கொள்கிறது. எல்லாக் காலத்துக்கும் பொதுவானதை விட்டுவிடுகிறது. பொதுவானது குரல். ஆகவே ‘பாடணங்கு’ என்ற சொல்லை முன்மொழிகிறேன். காரணங்களைச் சற்று விரித்தே எழுத வேண்டியிருக்கிறது; பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

முதலில் பண்டைய கிரேக்கக் கவிஞர் ஹோமர். அவருடைய காவியமான ஒடிசியின் பன்னிரண்டாம் காண்டத்தில் சைரன்களின் உடலைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. சிறகும் இல்லை, மீன்வாலும் இல்லை, முக அழகைப் பற்றிய பேச்சும் இல்லை. ஒரு புல்வெளியில் அமர்ந்திருக்கிறார்கள். சுற்றிலும் அழுகிப்போன மனிதர்களின் எலும்புக் குவியல், அதன்மேல் சுருங்கி வற்றும் தோல். காவிய நாயகன் ஒடிசியஸின் கப்பல் நெருங்கியதும் காற்று நின்றுவிடுகிறது. தோழர்கள் பாயைச் சுருட்டி வைத்துவிட்டுத் துடுப்பைப் பிடிக்கிறார்கள். ஒடிசியஸ் ஒரு பெரிய மெழுகு வட்டைத் துண்டு துண்டாக அறுத்து, வெயிலின் சூட்டில் கையால் பிசைந்து இளக்கி, பாட்டுக் கேட்காதபடி ஒவ்வொருவர் காதிலும் அடைக்கிறான். அவன் மட்டும் கேட்பதற்காக அவர்கள் அவனைப் பாய்மரத்தோடு சேர்த்துக் கட்டுகிறார்கள். அதன்பின் அவன் கேட்கும் பாட்டில் காமம் சிறிதும் இல்லை. ட்ராய் போரில் இரு தரப்பினரும் பட்ட பாடெல்லாம் தங்களுக்குத் தெரியும் என்றும், பூமியில் நடப்பது அனைத்தும் தெரியும் என்றும், தங்கள் பாட்டைக் கேட்டவன் இன்புற்று, முன்னிலும் அதிகம் அறிந்தவனாகத் திரும்புவான் என்றும் அவர்கள் பாடுகிறார்கள். பத்தாண்டுப் போரிலிருந்து வீடு திரும்பும் ஒருவனிடம் அவனுடைய கதையையே சொல்லித்தான் இழுக்கிறார்கள்.

மோகினி என்ற சொல்லை நான் ஏற்கத் தயங்குவது இதனால்தான். மோகினி என்றதும் தமிழ் வாசகர் மனத்தில் எழுவது உடல் மயக்கம். மூலத்தில் ‘எங்கள் வாயிலிருந்து வரும் தேன்குரல்’ என்ற பொருளில் உள்ள தொடரை ஆங்கிலத்தில் பலர் ‘இதழ்களிலிருந்து’ என்று பெயர்த்துவந்ததை, ஒடிசியை மொழிபெயர்த்த எமிலி வில்சன் எடுத்துக்காட்டியிருக்கிறார். ஒரே ஒரு சொல் இடம் மாறியதும் அறிவை வைத்து அழைத்தவர்கள் இதழ் காட்டி அழைப்பவர்களாகிவிடுகிறார்கள். மோகினி என்று எழுதினால் அந்தப் பிழையை நாமும் நம் மொழியில் புதிதாகச் செய்தவர்களாவோம்.

அடுத்தது கடற்கன்னி. அகராதிகளிலும் சிறுவர் நூல்களிலும் வழங்குவதால் பலருக்கு இச்சொல்மேல் பற்று இருப்பது புரிகிறது. ஆனால் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ள, கி.மு. 480–470 அளவிலான செவ்வுருவக் கலத்தை (கரும்பின்னணியில் செந்நிற உருவங்கள் கொண்ட கிரேக்க மண்கலம்) பாருங்கள். பாய்மரத்தில் கட்டுண்ட ஒடிசியஸ் தலையை நிமிர்த்திக் கேட்கிறான்; இரு பக்கப் பாறைகளிலும் பெண் தலையும் பறவை உடலும் கொண்ட இருவர் நிற்கிறார்கள்; மூன்றாமவள் கண் மூடியபடி தலைகீழாகக் கப்பலை நோக்கி விழுகிறாள். ஒருவன் கேட்டும் தப்பிவிட்டதால் அவள் சாகிறாள் என்று பெரும்பாலோர் பொருள் கொள்கிறார்கள். இந்தப் படத்தின் கீழே ‘கடற்கன்னிகள்’ என்று எழுதினால் படிப்பவர் திகைத்துப்போவார். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் கிரேக்கக் கவிஞர் அப்பல்லோனியஸும் அவர்களைப் பாதி பறவையாகவே காட்டுகிறார். உரோமானியக் கவிஞர் ஓவிட் அந்தச் சிறகுக்குக் காரணமும் சொல்கிறார்: காணாமற்போன தோழி புரோசெர்பினாவை நிலமெங்கும் தேடி அலுத்தபின், கடல்மேலும் பறந்து தேடச் சிறகு வேண்டினார்கள், தேவர்கள் கொடுத்தார்கள், ஆனால் காதுக்கு இனிய அந்தப் பாட்டு அழிந்துபோகக் கூடாது என்பதற்காகக் கன்னி முகமும் மனிதக் குரலும் மட்டும் அப்படியே விட்டுவைக்கப்பட்டன. உடலெல்லாம் மாறியும் குரல் மாறவில்லை என்று ஓவிட்டே எழுதியிருக்கும்போது, குரலை விட்டுவிட்டு நாம் எப்படிப் பெயரிடுவது? மீன்வால் மிகவும் பிந்தியது. ஏழாம் அல்லது எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த, விந்தை உயிர்களைப் பற்றிய ஓர் இலத்தீன் நூலில்தான் அது தெளிவாக வருகிறது. அதன்பின் பிரெஞ்சிலும் ஸ்பானியத்திலும் சைரனுக்கும் கடற்கன்னிக்கும் ஒரே பெயர் நிலைத்துவிட்டது. தமிழில் அந்தக் குழப்பத்தை நாமாக விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை.

கின்னரி உருவத்தால் மிக நெருங்கிவருகிறது: பாதி பறவை, இசையில் வல்லது. ஆனால் கின்னரரின் பாட்டைக் கேட்டு யாரும் இறப்பதில்லை. சைரன் என்பதோ தமிழ்க் காதில் ஆம்புலன்ஸ்தான். 1819இல் பிரெஞ்சுக்காரரான காஞ்ஞார் த லா தூர், தாம் செம்மைப்படுத்திய ஒலிக்கருவி நீருக்குள்ளும் ஒலித்ததால் அதற்கு இந்தத் தொன்மப் பெயரை வைத்தார். அந்தக் கருவிக்கு ஆலைத் தொழிலாளர் ‘சங்கு’ என்று எப்போதோ பெயரிட்டுவிட்டார்கள். அது அங்கேயே இருக்கட்டும்.

இனி ‘பாடணங்கு’. பாடு என்னும் வினையும் அணங்கு என்னும் பெயரும் சேர்ந்த வினைத்தொகை. பாடிய, பாடுகின்ற, பாடும் என்று முக்காலமும் அதில் அடங்கும். ‘படாத பாடு’ என்கிறோமே, அந்தப் பாடும் இதில் நிழலாகத் தெரிவதை நான் குறையாகக் கருதவில்லை. ட்ராயில் பட்ட பாட்டைத்தானே அவர்கள் பாடுகிறார்கள். அணங்கு என்பதோ, பழந்தமிழில், அழகும் அச்சமும் பிரிக்க முடியாமல் கலந்த வருத்தும் ஆற்றல். ‘அணங்குடை முந்நீர்’ என்று அகநானூறு கடலுக்கே அதை ஏற்றிச் சொல்கிறது. குறளின் காமத்துப்பாலில் முதல் அதிகாரத்தின் பெயரே தகையணங்குறுத்தல்.

இங்கே எழுந்த ஒரு மறுப்புக்கு விடை சொல்லியாக வேண்டும். ‘தமிழணங்கே’ என்று வாழ்த்தும் சொல்லை ஆளைக் கொல்லும் உயிருக்கு இடலாமா என்று மூத்த உறுப்பினர் ஒருவர் வருத்தத்தோடு கேட்டிருந்தார். ஐயா, உங்கள் வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் சைரன்கள் கொல்பவர்கள் மட்டும் அல்லர். பிளேட்டோவின் ‘குடியரசு’ நூலின் இறுதியில் விண்கோள்களின் எட்டு வட்டங்கள்மேலும் எட்டுச் சைரன்கள் நின்று ஆளுக்கொரு சுரம் பாட, அவை கூடி ஒரே இசையாகின்றன. கி.மு. நான்காம் நூற்றாண்டு ஏதென்ஸின் கல்லறைகள்மேல் அவர்கள் இறந்தவருக்காக அழுகிறார்கள். கிரேக்க நாடகாசிரியர் எவ்ரிப்பிடீஸின் நாடகத்தில் ஹெலன் தன் துயரத்துக்குத் துணையாகப் புலம்ப அவர்களைத்தான் அழைக்கிறாள். பேய், பிசாசு, மோகினி போன்ற சொற்களில் பிளேட்டோவின் சைரன் அடங்கமாட்டாள். வாழ்த்தவும் அஞ்சவும் இடம் தரும் அணங்கில் அடங்குவாள்.

இன்னொரு கேள்வி: எழுத்தாளர் காஃப்காவின் சைரன்கள் பாடுவதே இல்லையே? 1917இல் அவர் எழுதிய சிறு கதையில், பாட்டைவிடக் கொடிய ஆயுதம் அவர்களிடம் உண்டு, அது மௌனம் என்கிறார். பாட்டைப் பெயரிலேயே வைத்திருக்கும் ஒருத்தி வாய் மூடியிருக்கும்போதுதான் அந்த மௌனம் உறைக்கும். ‘பாடணங்குகளின் மௌனம்’ என்று எழுதிப் பாருங்கள். ‘கடற்கன்னிகளின் மௌனம்’ என்பதில் அந்த உறைப்பு இல்லை.

தனிமடலில் ஒருவர் அசுணத்தை நினைவூட்டினார், மகிழ்ச்சியாக இருந்தது. யாழிசையில் மயங்கி வந்து, பறையொலியில் உயிர்விடும் விலங்கு அது. தலைவனின் மார்பு தரும் இன்பதுன்பத்தை ‘அசுணம் கொல்பவர் கைபோல்’ என்கிறது நற்றிணை 304ஆம் பாடல். ஆனால் அசுணம் பாட்டைக் கேட்டுச் சாவது, பாடுவது அன்று. பாடணங்கின் தீவில் எலும்பாய்க் கிடப்பவர்களுக்கு வேண்டுமானால் அந்த உவமை பொருந்தும்.

திணையையும் தீர்த்துக்கொள்வோம். அணங்கு வடிவத்தால் அஃறிணை போலத் தோன்றினாலும், தெய்வத்தைச் சுட்டும் பெயர்கள் உயர்திணை வினை கொள்ளும் என்பது தொல்காப்பியர் காட்டிய வழி. எனவே ‘பாடணங்கு பாடினாள்’, ‘பாடணங்குகள் பாடினர்’ என்றே எழுதலாம். ஹோமர் சில இடங்களில் இவர்களுக்கு, இருவரை மட்டும் சுட்டும் இருமை எண் வடிவத்தைப் பயன்படுத்துகிறார். தமிழில் அந்த எண் இல்லாததால் அங்கே ‘பாடணங்கு இருவர்’ என்றால் போதும்.

விலங்கியல் பட்டியலைத் தொகுப்பவர்களுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள். சைரன்களின் பெயரைத் தாங்கிய பாலூட்டி வரிசை ஒன்று உண்டு. அதற்குப் பாடணங்கை இழுக்க வேண்டாம். பாக் நீரிணையில் கடற்புல் மேயும் அந்த விலங்கை நம் மீனவர்கள் ஆவுளியா என்றும் கடற்பசு என்றும் அழைக்கிறார்கள். ‘கடற்பசு வரிசை’ என்றே அங்கு எழுதலாம்.