முன் பிரேக் லிவர் கைப்பிடி வரை வருகிறது, ஞாயிற்றுக்கிழமை ரேஸ், அவசரம்!

முட்டம்_ரைடர்:
அண்ணன்மாரே, என் ரேஸ் பைக்கில் முன் பிரேக் லிவர் திடீர் திடீரென்று கைப்பிடி வரைக்கும் வந்துவிடுகிறது. பேட் புதுசு. பிரேக் ஆயில் மாற்றியாச்சு. ஓஸில் நின்ற காற்றும் எடுத்தாச்சு. ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் ரேஸ், வெள்ளி ராத்திரி வண்டி ஏற்ற வேண்டும். லிவரோடு இருந்து ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை மாற்றிவிடட்டுமா? எது வாங்கலாம்?

வடசேரி_வொர்க்‌ஷாப்:
என்ன வண்டி தம்பி? ஒற்றை டிஸ்க்கா, இரட்டையா? ஏபிஎஸ் இருக்கிறதா, கழற்றியாச்சா? ஓஸ் ரப்பரா, ஸ்டீலா? எதுவுமே சொல்லாமல் எதை மாற்றலாம் என்று கேட்டால் நான் எப்படிச் சொல்ல?

திங்கள்சந்தை_பையன்:
காற்றுதான் ப்ரோ, எனக்கும் இதேதான் இருந்தது. லிவரைக் கைப்பிடியோடு சேர்த்து இறுக்கிக் கட்டி ராத்திரி முழுக்க விட்டேன், காலையில் கல்லு மாதிரி ஆகிவிட்டது. சரியாகவில்லை என்றால் மாஸ்டர் சிலிண்டர் பக்கத்து பேன்ஜோ போல்ட்டில் (ஓஸை மாட்டும் போல்ட்) குமிழி நிற்கும். லிவரைப் பிடித்துக்கொண்டே அந்த போல்ட்டைக் கால் சுற்று தளர்த்தி, லிவர் கைப்பிடியைத் தொடும் முன் இறுக்குங்கள். நுரையாக வரும். கீழே ஈரத்துணி போடுங்கள், டேங்க் பெயிண்டில் பட்டால் உரித்துவிடும்.

பழைய_ஸ்பானர்:
இந்தக் கேள்விக்கு இங்கே எத்தனையோ தடவை பதில் சொல்லியாயிற்று. தேடிப் பார்க்கும் பழக்கம்தான் யாருக்கும் இல்லை. லிவர் உள்ளே போனால் ஆயில் கொதிக்கிறது என்று அர்த்தம். புது டாட் 4 பிரேக் ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை தாங்க வேண்டும். அதில் 3.7 சதவீதம் ஈரம் ஏறிவிட்டால் தாங்கும் அளவு 155க்கு இறங்கலாம். நம்முடைய கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்கிறது, கடல் காற்று வேறு. ஆடியில் திறந்த பாட்டிலை ஐப்பசியில் ஊற்றுகிறவர்களை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பிரேக்கின் அடிப்படை தெரியாமல் டிராக்கில் இறங்குவது உனக்கு மட்டும் ஆபத்தில்லை, பின்னால் வருகிறவனுக்கும்தான்.

முட்டம்_ரைடர்:
150 சிசி. ஒற்றை டிஸ்க், 282 மிமீ. ஏபிஎஸ் கழற்றியாச்சு, ஸ்டீல் ஓஸ். ஆயில் டாட் 4, வீட்டில் இருந்த பாட்டில்தான். நேற்று விடியற்காலை காவல்கிணறு போகும் நாலுவழிச் சாலையில் ஓட்டிப் பார்த்தேன், அங்கேயும் இதேதான்.

குலசேகரம்_ரப்பர்:
பேசாமல் 19 மிமீ ரேடியல் மாஸ்டர் போடுங்கள். பெரிய ரேஸில் எல்லாம் அதுதான்.

வடசேரி_வொர்க்‌ஷாப்:
19 மிமீ பிஸ்டன் என்பது இரண்டு டிஸ்க், இரண்டு காலிப்பருக்கான (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) அளவு. இவருடைய வண்டியில் 12.7 இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் பரப்பு இரண்டேகால் மடங்கு ஆகிவிடும். லிவர் கல் மாதிரி இருக்கும், கைக்குச் சுகமாக இருக்கும், ஆனால் அதே அழுத்தத்துக்கு வண்டி நிற்காது. நாலாவது சுற்றில் முன்னங்கை மரத்துப்போகும். மோட்டோஜிபியைப் பார்த்து வாங்குவதாக இருந்தால் அங்கே டிஸ்க்கே கார்பன், நன்றாகச் சூடேறின பிறகுதான் பிடிக்கும். நம்முடைய இரும்பு டிஸ்க்குக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

தக்கலை_அண்ணாச்சி:
பிரேக் கிடக்கட்டும். லிவர் நிற்காத வண்டியை நாலுவழிச் சாலையில் ஓட்டிப் பார்த்தாயா தம்பி? முப்பந்தல் பக்கம் காற்று வண்டியையே தள்ளும். காற்றாலை இறக்கை ஏற்றின லாரி வரும், விடியற்காலையில் தோவாளை பூச்சந்தைக்குப் பூ ஏற்றின வண்டி வரும். அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

திங்கள்சந்தை_பையன்:
அண்ணாச்சி, பின்னே எங்கே போய்ப் பார்க்க? நம் மாவட்டத்தில் டிராக் ஏது? செட்டிபாளையம் போனால் ஒரு நாள், சென்னை பக்கத்து இருங்காட்டுக்கோட்டை போனால் இரண்டு நாள். டீசல் செலவு யார் தருவார்கள்?

தக்கலை_அண்ணாச்சி:
செலவு எனக்கும் தெரியும். என் தங்கை மகன் அந்தச் சாலையில் விழுந்து ஆறு மாதம் படுத்துக் கிடந்தான். பிரேக் சரியாக இருந்த வண்டி அது. அதனால்தான் சொல்கிறேன்.

கோவை_பிட்லேன்:
ஆளாளுக்குச் சண்டை போட வேண்டாம். முட்டம் தம்பி, மூன்று கேள்வி. முதல் சுற்றிலேயே வருகிறதா, நாலைந்து சுற்று போன பிறகா? அதற்குக் கொஞ்சம் முன்னால் ஹேண்டில் ஆடியதா? கடைசிக் கேள்விதான் முக்கியம்: லிவரை விட்டு உடனே இரண்டாவது தடவை பிடித்தால் என்ன ஆகிறது?

முட்டம்_ரைடர்:
முதல் சுற்றிலேயே வரும் அண்ணே. ரோட்டில் மேடு பள்ளம் வந்து ஹேண்டில் படபடவென்று ஆடும், அதற்கு அடுத்து பிடிக்கும்போதுதான் காலி. இரண்டாவது தடவை பிடித்தால் நன்றாக நிற்கிறது, பஞ்சு மாதிரி எல்லாம் இல்லை.

கோவை_பிட்லேன்:
இதை முதல் பதிவிலேயே எழுதியிருக்கலாம். ஆயில் கொதித்தால் சூடேறின பிறகுதான் வரும், இரண்டாவது பிடியிலும் பஞ்சு மாதிரிதான் இருக்கும். காற்று இருந்தால் நின்ற வண்டியிலேயே தெரியும். உனக்கு வருவது நாக் பேக். வீல் ஆடும்போது டிஸ்க் பக்கவாட்டில் அசைந்து பேடை இடிக்கிறது, பேட் பிஸ்டனை உள்ளே தள்ளிவிடுகிறது. முதல் பிடி முழுவதும் அந்த இடைவெளியை நிரப்பவே போய்விடுகிறது.

முன் வீலைத் தூக்கி நிறுத்து. டயரை மேலே ஒரு கை, கீழே ஒரு கை பிடித்து எதிரெதிராகத் தள்ளி இழு. உள்ளங்கையில் மெல்லிசாக 'டக்' என்று ஒன்று தட்டினாலும் பேரிங் போச்சு. அப்புறம் ஃபோர்க்கில் ஒரு பிளாஸ்டிக் டையைக் கட்டி, அதன் நுனி டிஸ்க்கை உரசாமல் மயிரிழை தள்ளி நிற்கும்படி வெட்டிவிட்டு வீலை மெதுவாகச் சுற்று. இடைவெளி ஓரிடத்தில் கூடி ஓரிடத்தில் குறைந்தால் டிஸ்க் வளைந்திருக்கிறது.

இன்னொன்று. உன்னுடைய காலிப்பர் பின்னில் நகரும் வகையாக இருந்தால், டிஸ்க் கொஞ்சம் அசைந்தாலும் காலிப்பர் கூடவே நகர்ந்து கொடுக்க வேண்டும். அது நகரவில்லை என்றால் பின் காய்ந்துவிட்டது. துடைத்து சிலிக்கான் கிரீஸ் போடு. சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைத்துவிடும். பிஸ்டனை உள்ளே தள்ளும் முன் பல் துலக்கும் பிரஷ்ஷில் பிரேக் ஆயில் தொட்டு ஓரத்து அழுக்கை எடுத்துவிடு. டிஸ்க்கில் குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும், அதையும் அளந்து பார்.

பழைய_ஸ்பானர்:
பேரிங்காகவே இருக்கட்டும். ஆனாலும் அந்தப் பழைய பாட்டில் ஆயிலோடு போகாதே. மூடி பிரிக்காத பாட்டில் வாங்கி ஊற்று. பேன்ஜோ கழற்றினால் செம்பு வாஷரும் புதிதாகப் போடு. பேட் புதுசு என்கிறாய், அதைப் பதமாக்கினாயா? நேராக ரேஸில் இறங்கினால் மேல்தோல் கண்ணாடி ஆகிவிடும். நடுத்தர வேகத்தில் இருந்து இருபது தடவையாவது கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து, நடுவில் ஆறவிடு.

வடசேரி_வொர்க்‌ஷாப்:
வண்டியை வாட்டர் சர்வீஸ் கொடுக்கிறாயா தம்பி? பிரஷர் கன்னை வீல் நடுவில் நேராகப் பிடித்தால் சீலைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போகும். முட்டத்து உப்புக்காற்றில் மிச்சத்தைத் துரு பார்த்துக்கொள்ளும்.

முட்டம்_ரைடர்:
வாராவாரம் வாட்டர் சர்வீஸ்தான் அண்ணே. இப்போது பார்க்கிறேன்.

முட்டம்_ரைடர்:
டக் டக் என்கிறது. பேரிங் இரண்டும் மாற்றியாச்சு, ஒன்றைத் தட்டியதும் சிவப்புத் துருவாகக் கொட்டியது. காலிப்பர் பின் ஒன்று அசையவே இல்லை, கிரீஸ் போட்டாச்சு. டிஸ்க் நேராக இருக்கிறது. ஆயில் புதுசு. லாரியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். அண்ணாச்சி, இனி ரோட்டில் ஓட்டிப் பார்க்க மாட்டேன். எல்லோருக்கும் நன்றி.

தக்கலை_அண்ணாச்சி:
நல்லபடியாகப் போய்வா மக்கா.

கோவை_பிட்லேன்:
காலிப்பர் போல்ட் கழன்றுவிடாமல் லாக் வயர் கட்டினாயா? சனிக்கிழமை பிராக்டிஸில் முதல் இரண்டு சுற்று மெதுவாகப் போ, ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் லிவரை ஒரு விரலால் தொட்டுப் பார்.

வடசேரி_வொர்க்‌ஷாப்:
தம்பி, துரு கொட்டியது டிஸ்க் பக்கத்து பேரிங்கா, அந்தப் பக்கமா? ரேஸ் எப்படிப் போச்சு?

திங்கள்சந்தை_பையன்:
யாராவது அவருடைய நம்பர் வைத்திருக்கிறீர்களா? திங்கள், செவ்வாய் இரண்டு நாளாக ஆளைக் காணோம்.