மறு: போக்கர் சீட்டாட்டத்தின் "வல்னரபிள் ஹேண்ட்"-க்குத் தமிழ்ப் பெயர்: பலவீனக் கை என்பது பொருந்துமா?

> "பலவீனக் கை" என்றே வைத்துக்கொள்ளலாமே, ஏன் இழுத்தடிக்கிறோம்?

பலவீனச் சீட்டு இப்போதே தோற்றுக்கொண்டிருப்பது. நாம் பெயர் தேடுவதோ இப்போது ஜெயித்துக்கொண்டிருப்பதற்கு. அடுத்து விழும் சீட்டில் அது பறிபோகலாம், அவ்வளவுதான். முன்னதைக் கவிழ்த்துவிட்டு விலக வேண்டும், பின்னதற்குப் பணத்தை ஏற்ற வேண்டும். இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் படிப்பவர் காசை இழப்பார்.

கணக்காகவே பார்ப்போம். 10-20 டாலர் வரம்பு ஹோல்டெம்: கையில் ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் பொதுச் சீட்டு முதலில் மூன்று (ஃப்ளாப்), பிறகு நான்காவது (டர்ன்), ஐந்தாவது (ரிவர்). ஃப்ளாப் வரை ஒரு கட்டு 10, டர்ன் முதல் 20. ஆறு பேர் தலைக்கு 20 போட்டு நடுவில் 120 இருக்கிறது. உங்களிடம் 10-9, ஃப்ளாப் 9-6-3, மூன்றும் வேறு வேறு இனம்; உங்களுக்கு 9 ஜோடி. உங்கள் வலப்பக்கத்தவர் 10 கட்டுகிறார். நீங்கள் 20 ஆக ஏற்றினால் நடுவில் 150. அடுத்திருப்பவரிடம் ராஜா-ஜாக்கி என்றால், 150-ஐப் பிடிக்க அவர் 20 போட வேண்டும்: 7.5-க்கு 1. அவருக்கு உதவும் சீட்டு (மீதி மூன்று ராஜா, மூன்று ஜாக்கி) 45-இல் 6, 6.5-க்கு 1 கிடைத்தாலே போதும். ஏற்றியும் அவரை விரட்ட முடியவில்லை. ஏற்றியதால் நடுப்பணம்தான் ஊதிப்போகிறது. டர்னில் நீங்கள் ஒற்றைக் கட்டு கட்டினால் அவர் இன்னும் சௌகரியமாகத் தொடர்வார்.

மாறாக ஃப்ளாப்பில் ஈடு மட்டும் கட்டுங்கள். வலப்பக்கத்தவர், நீங்கள், ராஜா-ஜாக்கிக்காரர் என மூவர் மட்டும் தொடர்ந்தால் 150. டர்னில் 2 விழுகிறது. வலப்பக்கத்தவர் 20, நீங்கள் 40. இப்போது 210-க்காக ராஜா-ஜாக்கிக்காரர் 40 போட வேண்டும்: 5.25-க்கு 1. தேவை 6.33 (44-இல் 6). வலப்பக்கத்தவர் மீதி 20 போட்டு, ரிவரில் உங்களிடம் மேலும் 20 பிடுங்கினாலும் 6.25-தான். தொடர்ந்தால் தவறு அவருடையது. டர்னில் ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸ் விழுந்தால் (ஏறக்குறைய மூன்றில் ஒரு முறை) ஏற்றாமல் ஒதுங்கலாம்.

நடுப்பணம் சிறிதென்றால் காத்திருக்கவே கூடாது. மூவர் தலைக்கு 10 போட்ட ஆட்டத்தில் ஃப்ளாப்பிலேயே ஏற்றினால் அவருக்குக் கிடைப்பது 3-க்கு 1.

சொல்லுக்கு வருவோம். "வீழ்கை" வேண்டாம், செய்கை, வருகை போலத் தொழிற்பெயராகிவிடும். "காப்புச்சீட்டு" என்றால் எல்.ஐ.சி. நினைவு வரும். என் பரிந்துரை "நிலையா முன்னிலை".

——

> என் பரிந்துரை "நிலையா முன்னிலை".

முன்னிலை என்றதும் நீ, நீங்கள் என்று இலக்கண வகுப்பு நினைவுக்கு வருமே என்று முதலில் தயங்கினேன். ஆனால் வாக்கு எண்ணிக்கை நாளில் டிவி பார்க்கும் யாருக்கும் குழப்பம் இராது. முதல் சுற்று முன்னிலை எப்படிப்பட்டது என்றும் அவர்களுக்குத் தெரியும்.

"கை" இல்லாததும் நல்லதே. 9-6-3-இல் ஆட்டம் காணும் அதே 10-9, ஃப்ளாப் 10-9-9 என்றால் ஃபுல் ஹவுஸ் (மூன்று 9, இரண்டு 10). குறை சீட்டில் இல்லை, நிலையில்.

விளக்கக் குறிப்பில் இரண்டு சேருங்கள். கட்டுபவர் இடப்பக்கம் இருந்தால், டர்ன் வரை காத்திருந்து ஏற்றும் இந்த உத்தி பலிக்காது: உங்கள் முறை வருமுன் மற்றவர்கள் ஒரு கட்டு போட்டிருப்பார்கள், மீதி ஒன்றுக்கு யாரும் கவிழ்க்க மாட்டார்கள். அங்கே நீங்களே முதலில் கட்டி, அவர் ஏற்றட்டும் என்று விட வேண்டும். இன்னொன்று, வலப்பக்கத்தவர் டர்னில் கட்டாமல் செக் சொல்லிவிட்டால் திட்டம் போச்சு. நீங்கள் கட்டும் 20-க்கு எதிரே அவர்களுக்கு 8.5-க்கு 1.

"ரெய்ஸ்"-க்கு "ஏற்று" வினை சரி. பெயர்ச்சொல்லுக்கு "ஏற்றம்" என்றால் கிணற்றடி ஏற்றமாகிவிடுகிறது. "ஏற்றுகட்டு" எப்படி?