கொள்ளுத்தாத்தாவின் மேள மானியம்: நிலம் எங்களுடையதா, கோயிலுடையதா?

தகோன்வாசி:

வணக்கம். யாங்கோனில் இருந்து எழுதுகிறேன். தமிழ்நாட்டு நில விவகாரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், கேள்வி நீளம்தான்.

என் அப்பாவுடைய தாத்தா கும்பகோணம் பக்கத்து நாதஸ்வரக் குடும்பம். இங்கே செட்டியார்கள் கட்டிய தண்டாயுதபாணி கோயிலுக்கு வாசிக்க வந்தவர், கல்யாணமும் ஆகி இங்கேயே தங்கிவிட்டார். அவருடைய தம்பி ஊரோடு இருந்தார். ஊரில் நமக்கு ஒரு கிராமமே இருந்தது, தஞ்சாவூர் மகாராஜா கொடுத்தது, வெள்ளைக்காரனே ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டான் என்று பாட்டி சொல்லிச் சொல்லி எங்கள் வீட்டில் அது வேதவாக்கு.

இப்போது அந்தக் கையெழுத்துப் போட்ட காகிதத்தின் நகல் கைக்கு வந்திருக்கிறது. அச்சடித்த இங்கிலீஷ் படிவம், இடையிடையே கையால் நிரப்பியது. தேதி 1860களில். கீழே இனாம் கமிஷனர், அதாவது மானியங்களை விசாரித்த அதிகாரி, கையெழுத்து. கிராமம் எல்லாம் இல்லை, நஞ்சை மூன்று ஏக்கர் சொச்சம். நிலத்தின் மேல் அரசாங்கத்துக்குச் சேர வேண்டிய வருவாயைப் பெறும் உரிமை என்று ஒரு வரி, கோயிலில் மேளம் வாசிப்பதற்காக என்று ஒரு வரி. மானியத்தின் நிபந்தனைகளை நிறைவேற்றி வரும்வரை உங்களுக்கும் உங்கள் பின்னோருக்கும் வரியில்லாமல் உறுதி செய்யப்படுகிறது என்று முடிகிறது.

ஊரில் இருக்கும் தூரத்து உறவுக்காரர் ஒருவர், நிலம் இன்னும் நம் குடும்பத்துப் பெயரில்தான் இருக்கிறது, எல்லோரும் பவர் எழுதிக் கொடுத்துச் செலவுக்குப் பணம் அனுப்பினால் மீட்டுவிடலாம் என்கிறார். சித்தப்பா பணம் அனுப்பத் தயார். அக்கா கூடவே கூடாது என்கிறாள். இனாம் என்றால் நிலமே நமக்குச் சொந்தம் என்று அர்த்தமா? சுதந்திரத்துக்குப் பிறகு இதெல்லாம் என்ன ஆனது? ஊரைவிட்டு வந்த எங்களுக்குப் பங்கு ஏதாவது உண்டா?

பெகு பாண்டி:

பவர் எழுதாதே தம்பி. மற்றதெல்லாம் அப்புறம். நீ எழுதிக் கொடுக்கிற பவரை வைத்து அவர் எதை யாருக்கு விற்பார் என்று இங்கே உட்கார்ந்துகொண்டு உனக்கு எப்படித் தெரியும்? நிலம் நம் பெயரில் இருக்கிறது என்கிறார் இல்லையா, சரி, சர்வே நம்பரைக் கேள். நம்பர் இருந்தால் பட்டா யார் பெயரில் என்று தமிழ்நாடு அரசு இணையதளத்திலேயே பார்த்துவிடலாம், அதற்குப் பவரும் வேண்டாம் பணமும் வேண்டாம். நம்பரைக் கொடுக்க இழுத்தடித்தார் என்றால் உன் அக்கா சொல்வதுதான் சரி.

கப்பலில் வந்தவன்:

தம்பி, நாங்கள் 1964இல் ரங்கூனிலிருந்து கப்பலில் வந்து சென்னையில் இறங்கிய குடும்பம். அப்பாவுக்குப் பிற்பாடு செட்டில்மெண்ட் ஆபீஸில், அதாவது இனாம் நிலத்தை விசாரித்துப் பட்டா கொடுக்கிற ஆபீஸில், குமாஸ்தா வேலை, அதனால் சாப்பாட்டு நேரத்தில்கூட எங்கள் வீட்டில் இனாம் பேச்சுதான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

உங்கள் காகிதத்தில் வருவாய் உரிமை என்று இருக்கிறதே, அந்த வரியைத்தான் எல்லோரும் தாண்டிப் போய்விடுவார்கள். அந்தக் காலத்தில் விளைச்சலில் இரண்டு வாரம், அதாவது இரண்டு பங்கு. மேல்வாரம் ராஜாவுக்கு, குடிவாரம் பயிர் வைக்கிறவனுக்கு. இனாம் கொடுத்தார் ராஜா என்றால், பல இடத்தில் அவர் விட்டுக்கொடுத்தது தனக்கு வரவேண்டிய மேல்வாரத்தை மட்டும்தான். நிலம் ஏற்கெனவே உங்கள் முன்னோர் கையில் இருந்திருந்தால், வரி கட்ட வேண்டாம் என்று ஆகும். வேறு ஒரு குடியானவன் உழுதுகொண்டிருந்தால், அவன் சர்க்காருக்கு அளக்க வேண்டிய நெல்லை உங்கள் வீட்டில் கொண்டுவந்து அளப்பான். இரண்டு வாரமும் ஒரே கையில் சேர்ந்திருந்தால் அது இருவார இனாம். உங்களுடையது எது என்று அந்த ஒரு காகிதத்தை வைத்துச் சொல்ல முடியாது.

கொடுத்தவர்கள் நாயக்கர், மராட்டியர், நவாப், பாளையக்காரர் என்று பலபேர். வாங்கினவர்களும் அப்படியே. கோயிலுக்குத் தேவதாயம், பிராமணருக்குப் பிரம்மதாயம், சத்திரம் தண்ணீர்ப்பந்தலுக்குத் தர்மதாயம், ஊர்க் கணக்கு எழுதிய கர்ணம், காவல் பார்த்த தலையாரிக்கு ஊழிய மானியம். கொஞ்சம் வரி மட்டும் கட்டினால் போதும் என்றால் சுரோத்திரியம், படைத்தலைவன், திவான் மாதிரி பெரிய ஆளுக்கு என்றால் ஜாகீர். தஞ்சாவூர் 1799இல் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனபோது இத்தனையும் சேர்ந்துதான் போனது. யாருக்கு என்ன, எத்தனை தலைமுறைக்கு என்று கேட்டால் பலரிடம் சாசனமே கிடையாது, இருந்ததிலும் சிலது போலி.

பம்பாய்ப் பக்கம் 1852இல் சட்டம் போட்டு, ஆதாரம் காட்டு இல்லாவிட்டால் பிடுங்குவேன் என்று இறங்கினார்கள். தெற்கு மராட்டியப் பகுதியில் 1857-58இல் கலகம் வெடித்ததற்கு அந்த எரிச்சலும் ஒரு காரணம். அதனாலோ என்னவோ, 1858இல் மெட்ராஸில் ஆரம்பித்த இனாம் கமிஷன் மிருதுவாகத்தான் நடந்துகொண்டது. 50 வருடம் அனுபவத்தில் இருந்தால் சாசனம் இல்லாவிட்டாலும் ஒத்துக்கொண்டார்கள். சொந்த இனாம் வைத்திருந்தவரிடம் ஒரு பேரமும் பேசினார்கள்: வருடாவருடம் ஒரு சின்னத் தீர்வை கட்ட ஒத்துக்கொள், அதன்பிறகு விற்றுக்கொள், அடமானம் வை, தத்துப்பிள்ளைக்குக் கொடு, நாங்கள் கேட்கமாட்டோம். மாட்டேன் என்றால் பழையபடி இருக்கலாம், ஆனால் நேர் வாரிசு அற்றுப்போனால் சர்க்காருக்கு. ரொம்பப் பேர் தீர்வையைக் கட்டிவிட்டுப் போனார்கள். சர்க்காருக்கும் லாபம், என்றைக்கோ ஒரு குடும்பம் வாரிசு இல்லாமல் போகும் என்று காத்திருப்பதைவிட இன்றைக்கே காசு.

கோயில் ஊழியத்துக்குக் கொடுத்ததை மட்டும் இந்தப் பேரத்துக்குள் கொண்டுவரவில்லை. ஊழியம் நடக்கிறவரை வரி இல்லை, அவ்வளவுதான். விற்கவும் கூடாது. உங்கள் காகிதத்தின் கடைசி வரி அதைத்தான் சொல்கிறது. பாட்டி சொன்ன கதையில் நிபந்தனை மட்டும் காணாமல் போயிருக்கிறது, எல்லா வீட்டுக் கதையிலும் முதலில் தொலைவது அதுதான்.

சுதந்திரத்துக்குப் பிறகு ஜமீனுக்கு 1948இல் ஒழிப்புச் சட்டம் வந்தது. 1936 சட்டத் திருத்தத்தால் ஜமீன் மாதிரியே எஸ்டேட் என்று கணக்கில் வந்திருந்த முழு இனாம் கிராமங்கள் சிலதும் அதில் போயின. மிச்ச முழுக் கிராம இனாம்களுக்கு 1963இன் 26ஆம் சட்டம், உங்களுடையது மாதிரித் துண்டு இனாம்களுக்கு அதே வருடம் 30ஆம் சட்டம். இது நடைமுறைக்கு வந்தது 1965 பிப்ரவரியில். அன்றோடு இனாம் என்கிற சங்கதியே முடிந்தது, நிலம் சர்க்காருக்கு வந்து, செட்டில்மெண்ட் தாசில்தார் விசாரித்து, குடிவாரம் யாருக்கோ அவருக்கு ரயத்துவாரிப் பட்டா, அதாவது சர்க்காருக்கு நேராக வரி கட்டி நிலத்தை வைத்துக்கொள்ளும் உரிமை. மேல்வாரம் மட்டும் வைத்திருந்தவருக்கு நஷ்டஈடு, நிலம் இல்லை.

மோல்மீன் வாத்தியார்:

மேலே அண்ணன் சொன்னது நன்றாக இருக்கிறது, ஆனால் இனாம் என்றாலே மேல்வாரம்தான் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மெட்ராஸ் கோர்ட்டுகள் ரொம்ப நாள் அப்படித்தான் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்கள், 1918இல் லண்டன் பிரிவி கவுன்சில், அன்றைக்கு அதுதான் கடைசி மேல்முறையீட்டு இடம், அப்படி ஒரு முன்முடிவே கூடாது, ஒவ்வொரு மானியத்தையும் அதன் வாசகத்தையும் சூழ்நிலையையும் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. என் அம்மா வழியில் திருச்சிப் பக்கம் கொஞ்சம் இனாம் நிலம் இருந்தது, தாத்தாவே ஆள் வைத்து உழுதார், இருவாரமும் அவருடையது என்று நிரூபித்து 1960களின் கடைசியில் பட்டா வாங்கினார். ஆக, வாங்கினவர்களும் உண்டு. ஆனால் அவர் அங்கேயே இருந்தார், தாசில்தார் கூப்பிட்ட தேதிக்குப் போய் நின்றார், வரி ரசீதெல்லாம் கட்டாகக் கட்டி வைத்திருந்தார். அதே ஊரில் பினாங்குக்குப் போய்விட்ட பங்காளிக்கு ஒன்றும் வரவில்லை.

இன்னொன்று. குடும்பம் கெட்டிக்காரத்தனமாக வாங்கியது, அரசாங்கம் பறித்தது என்றே நாம் பேசுகிறோம். மூன்று தலைமுறையாக உழுதுவிட்டு நெல்லைக் கொண்டுபோய் அடுத்தவன் முற்றத்தில் கொட்டியவன் வீட்டிலும் ஒரு கதை இருக்கும். அவன் பேரன் இந்த மாதிரி இடத்தில் வந்து கேட்பதில்லை, அவனிடம் காகிதம் இல்லை.

மண்டலேக்காரி:

இந்தப் பேச்சில் நம்ம நாட்டையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாமே. பர்மிய ராஜாக்களிடமும் இது இருந்தது. இளவரசனுக்கும் மந்திரிக்கும் ஒரு ஊரைக் கொடுத்துவிடுவார்கள், அந்த ஊர் வரி அவர்களுக்கு, மியோசா என்று பெயர். மின்டோன் ராஜா 1860களில் தத்தமேடா என்கிற வீட்டு வரியைக் கொண்டுவந்து, மியோசாக்களுக்கு ஊருக்குப் பதில் சம்பளம் கொடுக்கப் பார்த்தார். அது தவிர அரண்மனைக்கு ஊழியம் செய்த குடும்பங்களுக்கு, குதிரைப்படைக்காரன் முதல் கீழ்வேலை செய்தவன் வரை, ஊழிய நிலம் உண்டு. தகோன்வாசி தம்பியின் மேள மானியம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைக்காரன் 1885இல் மண்டலேயைப் பிடித்தான். 1889இல் மேல்பர்மாவுக்கு நில வருவாய் விதி போட்டபோது, ராஜாவுடைய நிலத்தையும் ஊழிய நிலத்தையும் அரசு நிலம் என்று ஆக்கிவிட்டான். ராஜாவே இல்லை, பிறகு ஊழியம் ஏது என்பது கணக்கு. மெட்ராஸில் கோயில் இருந்தது, ஊழியமும் நடந்தது, அதனால் காகிதம் கொடுத்தார்கள். இங்கே உழுதவனைக் குத்தகைக்காரனாக்கி வாடகை வாங்கினார்கள். ஒரே சர்க்கார், இரண்டு நாட்டில் இரண்டு நியாயம்.

கீழ்பர்மாவில் வேறு மாதிரி. 1876 சட்டப்படி ஒருவன் காட்டை வெட்டித் திருத்தி 12 வருடம் விடாமல் வரி கட்டினால் நிலம் அவனுக்கு, பிள்ளைக்கும் போகும், விற்கவும் செய்யலாம். அப்படி வந்த நிலம்தான் கடனில் மூழ்கி, 1930களின் விலைச் சரிவில் செட்டியார் கைக்குப் போனது. பெரிய இடத்துக்குக் கொடுத்ததும் உண்டு, பீகார் டும்ராவ் சமஸ்தானத்துத் திவானுக்குக் கொடுத்த ஜியாவாடி கிராண்ட் என்கிற பெரிய நிலக்கொடை எல்லோருக்கும் தெரியும், அங்கே இன்றைக்கும் போஜ்புரி பேசுகிறார்கள். ஆனால் அது காட்டைத் திருத்த ஆள் கொண்டுவா என்று கொடுத்தது, வரியை நீ தின்றுகொள் என்று கொடுத்தது இல்லை. நம்மாட்கள் இங்கே இழந்த நிலத்தையும் ஊரில் இருந்த மானியத்தையும் ஒரே மூட்டையில் போட்டு, எல்லாம் போச்சு என்று அழுகிறவர்கள் என் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். இங்கே போனது 1948, 1953 நில தேசியமயச் சட்டத்தில், அதற்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது.

தகோன்வாசி:

எல்லோருக்கும் நன்றி. சர்வே நம்பர் கேட்டேன், பழைய நம்பர் ஒன்றைக் கொடுத்திருக்கிறார், அது இப்போது உட்பிரிவு ஆகியிருக்கும் என்கிறார்.

ஊழியம் யார் செய்தார்கள் என்று அக்கா விசாரித்தாள். கொள்ளுத்தாத்தாவின் தம்பி கடைசிவரை அந்தக் கோயிலில் வாசித்திருக்கிறார். அவர் மகனும் கொஞ்ச காலம் வாசித்துவிட்டு, சினிமா வாத்தியக் குழுவில் இடம் கிடைத்துச் சென்னைக்குப் போய்விட்டாராம். இப்போது கோயிலில் மின்சார மேளம்தான், சுவிட்சைப் போட்டால் அடிக்கும். இந்த நிலையில் பட்டா யாருக்குப் போயிருக்கும்?

கப்பலில் வந்தவன்:

கோயில் ஊழிய இனாமுக்கு 30ஆம் சட்டத்தில் தனி ஏற்பாடு. 1965இல் ஊழியம் செய்துகொண்டிருந்தவர் நிலத்தை வைத்துக்கொள்ளலாம், ஆனால் தொடர்ந்து வாசிக்க வேண்டும். வேண்டாம் என்றால் கோயிலுக்கு ஒரு தொகையைக் கட்டிவிட்டு ஊழியத்திலிருந்து விடுபட்டு நிலத்தைச் சொந்தமாக்கிக்கொள்ளலாம். இரண்டும் செய்யாமல் ஊழியத்தை விட்டால் நிலம் கோயிலுக்கு. அறநிலையத் துறைச் சட்டத்திலும், ஊழிய இனாமை விற்றாலோ ஊழியம் நின்றாலோ திரும்ப எடுக்க வழி இருக்கிறது. ஆகவே சென்னைக்குப் போன அந்தத் தம்பி மகன் பணம் கட்டினாரா இல்லையா என்பதுதான் உங்கள் விஷயத்தில் கேள்வி. அப்படியே கட்டியிருந்தாலும் நிலம் அவர் பிள்ளைகளுக்கு. மானியம் வாசித்தவரோடு போவது, ரங்கூனுக்கு வந்து வேறு கோயிலில் வாசித்த கொள்ளுத்தாத்தாவின் கிளைக்கு அதில் பங்கு கேட்பது கஷ்டம்.

செய்ய வேண்டியது இரண்டு. கிராமப் பெயரையும் காகிதத்தில் இருக்கும் டைட்டில் டீடு நம்பரையும் வைத்துச் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இனாம் ஃபேர் ரிஜிஸ்டர் நகல் கேளுங்கள். யார் கொடுத்தது, எதற்காக, அன்றைக்கு அனுபவித்தவர் யார், முதலில் வாங்கினவருக்கு என்ன உறவு, வயது என்ன என்றுகூட அதில் இருக்கும், குடும்ப மரம் எழுத அதைவிட நல்ல காகிதம் கிடையாது. அப்புறம் தாலுகா ஆபீஸில் அந்தப் பழைய நம்பருக்கு இப்போதைய நம்பர் என்ன, அ பதிவேட்டில் யார் பெயர் என்று பார்க்கச் சொல்லுங்கள். கோயில் பெயர் இருந்தால் விவகாரம் அங்கேயே முடிந்தது.

பெகு பாண்டி:

சித்தப்பா பணம் அனுப்பியே ஆவேன் என்றால், அந்த ரிஜிஸ்டர் நகலுக்கு மட்டும் அனுப்பட்டும். அதுவும் உறவுக்காரர் கைக்கு வேண்டாம், சென்னையில் அக்காவுக்குத் தெரிந்தவர் யாராவது இருந்தால் அவரிடம்.