காத்தவராயன் கூத்துக்குச் சின்னப் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போகலாமோ?

குருமன்காட்டான்

எல்லாருக்கும் வணக்கம். வைகாசியில முள்ளியவளைப் பக்கத்தில ஒரு அம்மன் கோயிலில காத்தவராயன் கூத்து இருக்கு. இரவு 10 மணிக்குத் தொடக்கம், விடியத்தான் முடிவு எண்டு நோட்டீஸ் சொல்லுது. வவுனியாவில இருந்து குடும்பமா வாற யோசினை. மகளுக்கு 9 வயது, மகனுக்கு 4. ரெண்டுபேருக்கும் மேடை எண்டால் பள்ளிக்கூடத்துப் பரிசளிப்பு விழாதான் தெரியும்.

பாதியில எழும்பி வந்தால் கூத்தாடுறவைக்கு மரியாதைக்குறைவோ? கடைசியில காத்தான் தண்டனையாக் கழுமரம் ஏறுற இடத்தில பிள்ளையள் பயப்பிடுங்களோ? கதை தெரியாமல் இருந்தால் மகளுக்கு ஏதும் விளங்குமோ? மோட்டச்சைக்கிளில வாறதோ, ஓட்டோ பிடிக்கிறதோ? விசயம் தெரிஞ்ச ஆக்கள் விவரமாச் சொல்லுங்கோ.

மத்தளச்சத்தம்

தம்பி, கூத்துக்கு வாற சனம் ஒருத்தரும் 10 மணியில இருந்து விடியுமட்டும் கண் வெட்டாமல் இருக்கிறேல்லை. பாயைப் போட்டுக் கொஞ்சம் பாக்கிறது, படுக்கிறது, எழும்பித் தேத்தண்ணிக் கடைக்குப் போறது, திரும்பி வந்து குந்துறது. கூத்தைப் பழக்கிற அண்ணாவியாருக்கும் அது தெரியும். அதாலதான் ஒரே விசயத்தை நாலு பாட்டில திருப்பித் திருப்பிச் சொல்லுவினம். ஒரு மணித்தியாலம் நித்திரை கொண்டு எழும்பினாலும் கதை கையைவிட்டுப் போகாது. பாதியில வெளிக்கிட்டால் ஆரும் குறை நினையாயினம். கழுமரம் ஏறேக்க மட்டும் எழும்பி நடக்காதேங்கோ. அது நேர்த்திக்கு ஆடுறது, முன்னால இருக்கிறவை கும்பிட்டுக்கொண்டு இருப்பினம்.

நோட்டீசில 10 எண்டால் 11 எண்டு கணக்கு வையுங்கோ. பூசை முடியவேணும், மேடைக்கு ஐயர் வரவேணும், பிறகு காப்புப் பாட்டு. அதோட இப்ப நடுவில கூத்தை நிப்பாட்டி அன்பளிப்புக் குடுத்தவையின்ர பேர் வாசிக்கிற பழக்கம் ஒண்டு வந்திருக்கு. பிள்ளையளுக்கு அலுப்பு வாற இடம் கூத்தில்லை, அதுதான். அந்த நேரத்தைச் சாப்பாட்டுக்கும் மூத்திரத்துக்கும் வைச்சால் சரி.

கதையை வீட்டிலயே சொல்லிக்கொண்டு வாங்கோ. நீட்டத் தேவையில்லை. முத்துமாரி தாய், காத்தான் மகன். அவனுக்கு ஆரியமாலையைக் கட்டவேணும். தாய் சம்மதிக்கிறா இல்லை. அவன் வேசம் மாத்தி மாத்தித் திரியிறான், வளையல் விக்கிறவனாயும் போவான், கிளியாயும் போவான். சின்னான் அவன்ர கூட்டாளி, பகிடிக்காரன். கடைசியில கழுமரம். முடிவையும் மறைக்காமல் சொல்லுங்கோ. ரிவி நாடகம் மாதிரி முடிவை ஒளிச்சு வைச்சுப் பாக்கிற சாமானில்லை இது. முடிவு தெரிஞ்ச பிள்ளைதான் இருந்து பாக்கும்.

ஒரு இடத்தில மகள் தடுமாறுவாள், அதை இப்பவே சொல்லிவையுங்கோ. காத்தானுக்கு ஒரு ஆளில்லை. சின்னக் காத்தானா ஒரு பெடியன் வருவான், பிறகு வளந்த காத்தான், கடைசியில கழுமரம் ஏறுறதுக்கு இன்னொருத்தர். முத்துமாரியும் சில இடங்களில ஆள் மாறும். சொல்லாமல் விட்டால் "அந்த அண்ணா எங்க போனவர்?" எண்டு இரவு முழுக்கக் கேக்கும். ஆரியமாலையா ஆடுறது அனேகமா ஆம்பிளைதான், அதையும் சொல்லிவிடுங்கோ. தானாக் கண்டுபிடிச்சால் அந்தச் சிரிப்பை அடக்கேலாது.

பாட்டு விளங்காட்டிலும் பயமில்லை. ஆடுறவர் ஒரு வரியைப் பாட, பிற்பாட்டுக்காரர் அதே வரியைத் திருப்பிப் படிப்பினம். முதல்தரம் தப்பினது ரெண்டாந்தரம் காதில விழும். 9 வயதுப் பிள்ளை அரை மணித்தியாலத்தில அந்தப் பழக்கத்தைப் பிடிச்சிடும், பிறகு தானும் சேந்து இழுக்கும். காத்தவராயன் கூத்தைச் சிந்துநடை எண்டு சொல்லுறது அதில வாற நடைக்காகத்தான். பாடிக்கொண்டே தாளத்துக்கு முன்னும் பின்னும் கால் வைப்பினம். வடமோடிக் கூத்து மாதிரிச் சிக்கலான தாளக்கட்டு இதில இல்லை. பின்பக்கம் மண்வெளியில நிண்டால் சின்னவனும் அப்பிடியே நடந்து பாப்பான், விடுங்கோ.

எங்க இருக்கிறது? மேடைக்கு நேர் முன்னால உள்ள மண் சின்னப் பிள்ளையளின்ர இடம், ஆனால் நாலு வயதுப் பிள்ளையைத் தனிய அங்க விட்டால் பெரிய பெடியள் தள்ளிப்போடுவாங்கள். பக்கவாத்தியக்காரர் இருக்கிற பக்கமா, மேடைக்குச் சரிவாக இருங்கோ. ஆர்மோனியக்காரற்ர விரல், மத்தளக்காரற்ர கை, உடுக்குக்காரர் கயித்தை நெரிச்சுச் சத்தத்தை ஏத்தி இறக்கிறது, எல்லாம் அங்க இருந்தால்தான் தெரியும். கதை அலுத்தால் பிள்ளை அதைப் பாத்துக்கொண்டிருக்கும்.

சாமம் ஒண்டில இருந்து நாலு மணிமட்டும் ஆளுக்காள் வாதாடுற பாட்டுகள் நீளும். அதில நித்திரையாக விடுங்கோ. நாலரைக்குப் பிறகு கழுமரம் பாக்க மூத்தவளை எழுப்புங்கோ. எழுப்பி உடன மேடையைக் காட்டாதேங்கோ, முகத்தைக் கழுவி, சுடச்சுட ஏதாவது குடிக்கக் குடுத்து, பிறகு கூட்டிக்கொண்டு வாங்கோ.

ஐந்தாம் வகுப்பு

மத்தளச்சத்தம் அண்ணை சொன்னதோடு ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். மூத்தவளை எழுப்புங்கள். நான்கு வயதுப் பிள்ளையைக் கழுமரத்துக்கு எழுப்ப வேண்டாம்.

காரணம் கழுமரம் அல்ல. உயரமான மரத்தில் ஒருவர் ஏறுவதைப் பிள்ளைகள் வேடிக்கையாகத்தான் பார்ப்பார்கள். பயம் வருவது பின்னாலிருந்து. உடுக்கு வேகம் பிடிக்கும்போது பார்த்துக்கொண்டிருக்கும் பெண்கள் சிலருக்கு உரு வரும். பக்கத்தில் பாயில் இருந்த அம்மம்மா திடீரென்று தலைமயிர் அவிழ்ந்து ஆடத் தொடங்குவார், சிலர் வாய்விட்டு அழுவார்கள். மேடையில் நடப்பது நடிப்பு என்று நான்கு வயதுக்குச் சொல்லிவிடலாம். சனத்துக்குள் நடப்பதை என்னவென்று சொல்வது? அரைத் தூக்கத்தில் எழும்பிய பிள்ளை அதைக் கண்டால் அடுத்த ஒரு கிழமைக்கு இரவில் தனியே படுக்காது. தம்பி தானாகவே எழும்பிவிட்டால் தோளில் போட்டுக்கொண்டு பின்வரிசைக்குப் போங்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பயம் பாதியாகும்.

மகளுக்கு முதல் நாளே சொல்லிவையுங்கள்: "சில ஆக்கள் அழுவினம், ஆடுவினம், அது அவையின்ர பக்தி, எங்களுக்கு ஒண்டும் செய்யாயினம்." இவ்வளவு போதும். "அசைந்தால் அம்மன் கண்ணைக் குத்துவா" என்ற கதையெல்லாம் வேண்டாம். பிள்ளையை அடக்க அது அப்போதைக்கு உதவும், பிறகு கோயில் வாசலுக்கே வரமாட்டேன் என்று நிற்கும்.

முடிந்தால் பின்னேரம் ஐந்து மணிக்கே வந்துவிடுங்கள். பகல் வெளிச்சத்தில் மேடையையும் நட்டுவைத்த கழுமரத்தையும் பார்த்துவிட்டால் இரவில் அது புதுப்பொருளாகத் தெரியாது. ஒப்பனைக் கொட்டகைக்குப் பொறுப்பானவரிடம் கேட்டால் ஓர் ஓரத்தில் நின்று பார்க்க விடுவார்கள். சாரம் கட்டிக்கொண்டு வந்து வாங்கில் இருந்த ஒரு மாமா, முத்துவெள்ளை பூசி, மை தீட்டி, மீசை கீறி, முடி வைத்ததும் காத்தானாகிறார். அதை நேரில் கண்ட பிள்ளை கழுமரத்தைப் பார்த்து அழாது. ஆனால் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்காதீர்கள், அவர்களுக்கு அது அந்தரமான நேரம். ஒப்பனைச் சாமானில் பிள்ளை கை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து ஊராக இருந்தால் ஒத்திகைக்கே கூட்டிப்போகச் சொல்லியிருப்பேன். கூட்டமில்லை, அண்ணாவியார் நிறுத்தி நிறுத்தித் திருத்துவார். பிள்ளைகளுக்கு அரங்கேற்றத்தைவிட அது நல்ல பாடம். வவுனியாவிலிருந்து அதற்கென்று வருவது கஷ்டம்தான்.

பொக்ஸ்காரன்

சவுண்ட் செற் ஆள். மேடைக்கு ரெண்டு பக்கமும் ஸ்பீக்கர் பொக்ஸ் அடுக்கியிருப்பம், அதுக்கு நேர் முன்னால பாய் விரிக்காதேங்கோ. வெளியரங்கில தூரம் ரெண்டு மடங்கானால் சத்தம் 6 டெசிபெல் அளவில குறையும், அதாவது 5 மீற்றரில இருக்கிறதும் 10 மீற்றரில இருக்கிறதும் காதுக்குப் பெரிய வித்தியாசம். மரத்தில கட்டுற கோர்ன் ஸ்பீக்கர் ஊருக்குக் கேக்கத்தான், அதின்ர வாய் பாக்கிற பக்கம் படுத்தால் நித்திரை வராது. பஞ்சு வைச்சுப் பிரயோசனம் குறைவு, தள்ளி இருக்கிறதுதான் மருந்து. கிட்டவிருந்து பக்கவாத்தியம் பாக்கிற ஆசையெண்டால் பொக்சுக்குப் பின்பக்கமா வாங்கோ, அங்க சத்தம் குறைவு. வயர் ஓடுற இடத்தில பிள்ளையைக் கிடத்தாதேங்கோ. ஜெனரேற்றர் பக்கமும் வேண்டாம், புகை.

ஒட்டுசுட்டான் றோட்டு

வவுனியாவில இருந்து வாறதுக்கு ரெண்டு வழி. புளியங்குளத்தில திரும்பி நெடுங்கேணியால வரலாம், இல்லாட்டி ஏ9இல மாங்குளம் வந்து ஏ34இல திரும்பலாம். ரெண்டும் ஒட்டுசுட்டானில சந்திக்கும், ரெண்டிலயும் காடு இருக்கு, ரெண்டிலயும் யானை வரும். பின்னேரம் வெளிச்சத்தோட வந்து, காலமை வெளிச்சத்தோட போங்கோ. சாமத்தில பிள்ளையளை மோட்டச்சைக்கிளில ஏத்திக்கொண்டு வெளிக்கிடுறது விசர் வேலை. முன்னால இருக்கிற பிள்ளை நித்திரை தூங்கும், ஓட்டுற உங்களுக்கும் கண் சொருகும்.

யானை நிண்டால் தள்ளி நிப்பாட்டுங்கோ. கோர்ன் அடிக்கிறது, லைற்றை அடிச்சு அடிச்சுக் காட்டுறது, ஓரத்தால வெட்டி ஓடப் பாக்கிறது, மூண்டும் கூடாது. பின்வாங்கி, அது போகுமட்டும் நில்லுங்கோ.

ஓட்டோவோ வானோ, போக வர ஒரே ஆளைப் பேசுங்கோ, காத்திருக்கிற காசையும் முதலே முடிவு கட்டுங்கோ. அவரும் கூத்துப் பாக்கப் போனால் விடிய அவற்ர கண்ணும் உங்கட கண் மாதிரித்தான் இருக்கும். "ரெண்டு மணித்தியாலம் படுத்திட்டு வாங்கோ, ஏழு மணிக்குப் போவம்" எண்டு சொல்லுங்கோ.

படுக்கை விசயம் முக்கியம். கீழ தறப்பாள், மேல பாய், அதுக்கு மேல பெட்ஷீற். வேலி ஓரம், விறகுக் குவியல், கல்லுக் குவியலுக்குக் கிட்ட விரிக்கக்கூடாது. எட்டடி விரியன் பாம்பு இரவில திரியிற சாதி, நிலத்தில நித்திரை கொள்ளுற ஆக்களைத்தான் கூடக் கடிக்கும். கடி பெரிசா நோகாது, தடமும் சிலநேரம் தெரியாது. நித்திரையால எழும்பின பிள்ளை வயித்துக்குத்து எண்டு சொல்லி, கண் இமை தூங்கி, பேச்சுத் தடுமாறினால் சாப்பாட்டுக் கோளாறு எண்டு பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ. 1990க்கு அடிச்சால் அம்புலன்ஸ் வரும், காசில்லை. மாஞ்சோலை ஆசுப்பத்திரி அங்கயிருந்து கிட்டத்தான். கட்டுறது, கீறுறது, உறிஞ்சுறது ஒண்டும் வேண்டாம். பிள்ளையை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போங்கோ. செருப்பை உதறிப் போடுறது, டோர்ச் இல்லாமல் ஒதுக்குப்புறம் போகாமல் இருக்கிறது, இதுகள் உங்களுக்குத் தெரியும்.

நுளம்புக்குத் திரி வெளியில எடுபடாது, காத்து கொண்டுபோயிடும். முழுக்கைச் சட்டை, நீளக் காச்சட்டை, வெளியில தெரியிற கைகாலுக்குக் கிறீம். வைகாசியில பனி இல்லை, ஆனால் சோளகக் காத்து புழுதியை அள்ளிக் கொட்டும். ஒரு ஈரத்துவாய் வைச்சிருங்கோ. தண்ணி நாலு பேருக்கு 5 லீற்றர் வீட்டில இருந்தே கொண்டுவாங்கோ.

குருமன்காட்டான்

எல்லாருக்கும் நன்றி. வான்தான் பேசப்போறன். இன்னொண்டு. "கூத்து எதுக்கு, வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்கே கூட்டிக்கொண்டு போவம், பிள்ளையளுக்குக் கடையும் இருக்கும்" எண்டு மனிசி சொல்லுறா. முதல்தரம் பிள்ளையளோட வாறதுக்கு எது சுகம்?

நந்திக்கடல்

தங்கச்சி கேட்டது நல்ல கேள்வி, ஆனால் ரெண்டும் ரெண்டு விதம். கூத்துக்கு வாறது ஊர்ச்சனம், பிள்ளை தள்ளிப்போனாலும் ஆரோ ஒருத்தர் கையைப் பிடிச்சுக் கொண்டுவந்து விடுவினம். வற்றாப்பளைப் பொங்கலண்டு நாலு பக்கத்தாலயும் சனம் வரும். வாகனத்தை எங்கயோ விட்டிட்டு நடக்கவேணும், போன் லைன் கிடைக்காது, பாற்செம்பு, காவடி எண்டு நெரிசல். நாலு வயதை இரவு முழுக்க இடுப்பில வைச்சிருக்கத் தெம்பிருந்தால் போங்கோ.

இடையில ஒரு வழி இருக்கு. பொங்கல் திங்கக்கிழமை. அதுக்கு முந்தின திங்கள் சிலாவத்தைக் கடலில தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலுக்குக் கொண்டுவருவினம். அந்த உப்புத்தண்ணியிலதான் அங்க விளக்கு எரியும். ஞாயிறு காட்டா விநாயகருக்குப் பொங்கல், மற்ற நாள் வற்றாப்பளை. அந்த நடுக்கிழமையில ஒரு பகல் வந்தால் கூட்டம் குறைவு. மகள் விளக்கைக் கிட்ட நிண்டு பாக்கலாம், அப்பிடியே வற்றாப்பளைக்குப் போய்க் கும்பிட்டு, நந்திக்கடல் காத்து வாங்கிக்கொண்டு இருட்ட முதல் வீடு போய்ச் சேரலாம். கடையளும் கொஞ்சம் கொஞ்சமாப் போடத் தொடங்கியிருக்கும், காப்பும் தும்புமுட்டாசும் கிடைக்கும்.

எங்க போனாலும் பிள்ளையின்ர முன்கையில உங்கட போன் நம்பரைப் போல்பொயின்ற் பேனையால எழுதிவிடுங்கோ. பேப்பரில எழுதிப் பொக்கற்றில வைச்சால் பிள்ளை ஐஸ்பழம் வாங்கேக்க எடுத்து எறிஞ்சுபோடும். லைன் கிடைக்காட்டில் எங்க சந்திக்கிறதெண்டு ஒரு இடம் குறியுங்கோ, "கோபுரத்துக்குக் கிட்ட" எண்டு சொல்லக்கூடாது, எல்லாரும் அங்கதான் நிப்பினம். தண்ணிப்பந்தல், தேர்முட்டி மாதிரி ஒண்டைக் கையால தொட்டுக் காட்டுங்கோ. பிள்ளையைக் காணேல்லை எண்டால் தேடித் திரியிறதுக்கு ஒராளை விட்டிட்டு மற்றவர் நேரா ஒலிபெருக்கி அறிவிப்பு நடக்கிற இடத்துக்குப் போங்கோ. அங்க பேரைச் சொன்னால் காணாது, என்ன நிறச் சட்டை எண்டு கேப்பினம். வெளிக்கிட முதல் ரெண்டு பேரையும் நிப்பாட்டி ஒரு படம் எடுத்து வைச்சிருங்கோ.